புகழும் தொண்டும்: கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார்

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



திருக்குட நன்னீராட்டு ஒரு நாளில் நிகழ்வது. யாகசாலையிலிருந்து கடங்கள் புறப்பட்டு, வேத முழக்கமும் திருமுறை முழக்கமும் சூழ, விமானத்தின் உச்சியில் புனித நீர் சொரியும் அந்த ஒரு வேளையைக் காண ஊர் முழுதும் திரண்டு வருகின்றது. அதன்பின் 48 நாள் மண்டல பூசை நடைபெறும். அதுவும் முடிந்தபின் பந்தல் பிரிக்கப்படும், கூட்டம் கலையும். விடியலில் திருவலகிடுவாரும், விளக்கேற்றுவாரும், பூத்தொடுப்பாரும், பதிகம் ஓதுவாருமே எஞ்சி நிற்பர். அடுத்த நன்னீராட்டு வரையுள்ள 12 ஆண்டும் கோயிலைக் கோயிலாக வைத்திருப்பது அவர்தம் நாள்தொண்டேயாகும்.

கலைவாணர் வாழ்விலும் இவ்விரண்டு நிலைகள் உண்டு. இளமையில் வரும் புகழ் விழா நாள் போன்றது. ஊரெல்லாம் வந்து பார்க்கும். அப்புகழின் ஆரவாரம் அடங்கியபின் கழியும் நாட்களோ நித்திய பூசை போன்றவை. விழா நாளில் விளங்கியவர் பலர். அதன்பின் நெடுநாள் விளக்கு அணையாது காத்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். 25 வயதுக்குள்ளேயே நாடக மேடையின் உச்சியை எய்தி, அந்த வயதிலேயே பெருந்துயர் ஒன்றுக்கு ஆளாகி, அதன்பின் ஏறத்தாழ 47 ஆண்டுகள் தம் குரலைத் தெய்வப் பணிக்கும் நாட்டுப் பணிக்கும் உரியதாக ஆக்கிக்கொண்டவர் அவர். அந்தப் பிற்கால வாழ்வே இன்று சிந்திக்கத் தக்கது.

அம்மையார் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். கொடுமுடி, திருமுறைகளில் திருப்பாண்டிக் கொடுமுடி எனப் பெயர் பெறும்; கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று. ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் நிகழ்ந்த பூசலில் மேருவின் முடி சிதறி, அதன் துண்டு ஒன்று வந்து வீழ்ந்த இடம் இஃது என்பது தலவரலாறு. மூவர் முதலிகளும் பாடிய பெருமையுடையது இத்தலம். அவருள்ளும் ஆளுடைய நம்பிகள் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிச்செய்தது இத்தலத்திலேதான். நெஞ்சம் மறந்துபோனாலும் நா தானே ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்பது அப்பதிகத்தின் உட்கிடை. இத்தலத்து இறைவியின் திருநாமங்களுள் ஒன்று பண்மொழியம்மை என்பது. பண்ணே மொழியாக உடைய அம்மையின் ஊரில், நாவின் பெருமை பாடப்பெற்ற ஊரில், பிற்காலத்தே தமிழகமெங்கும் கேட்ட ஒரு குரல் தோன்றியது திருவருட் செயலென்றே அவ்வூரார் கருதுவர்.

ஆயின் அக்குரல் செல்வத்தில் வளரவில்லை, வறுமையில் வளர்ந்தது. தாயார் பாலாம்பாள் என்பவர். அம்மையாரின் பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளும் கொடுமுடியையும் பாலாம்பாளையும் குறிப்பவை. ஊரும் தாயுமே அவருக்கு முகவரியாயினர். சிறுமியாக இருந்தபோது இரயில் வண்டியில் பாடிப் பொருள் பெற்றார் என்றும், அப்பாட்டைக் கேட்டவர் ஒருவர் வழியாகவே நாடக உலகில் புகுந்தார் என்றும் கூறுவர். வேலு நாயர் நாடகக் குழுவில் குழந்தை வேடங்கள் அவருக்குக் கிடைத்தன. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக நின்று அவர் பாடியபோது அவையோர் கண்ணீர் விட்டனர் என்பர். பசியை நடித்துக் காட்டும் அவசியம் அக்குழந்தைக்கு இருந்திராது.

அக்கால நாடகம் இக்காலத்தார் எளிதில் எண்ணிப் பார்க்க இயலாத ஒன்று. ஒலிபெருக்கி இல்லை. பந்தலின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்கவேண்டும். ஆர்மோனியமும் மத்தளமும் முழங்க, இரவு தொடங்கி விடியுமளவும் பாடவேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' எனப்பட்ட முறையில், நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பெற்று, அன்று மாலைதான் ஓரிடத்தில் கூடுவர். ஒத்திகை என்பது இல்லை. மேடையில் எதிரே நிற்பவர் தொடுக்கும் பாட்டுக்கு உடனே விடைப்பாட்டுப் பாடத் தெரியாதவர் அங்கே நிலைக்க மாட்டார். சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் இயற்றிய நாடகங்கள் நெட்டுருவாக இருந்தமையாலேயே இஃது இயன்றது. இப்பயிற்சியே அம்மையாருக்குப் பள்ளியும் கல்லூரியுமாய் அமைந்தது. பிற்காலத்தில் அவர் பாட்டில் ஓர் எழுத்தும் சிதையாது ஒலித்தமைக்குக் காரணம் இதுவே.

இலங்கைத் தீவிலும் அவர் பல்லாண்டு நாடகங்களில் நடித்தார். அங்கே கொழும்பு நகரில் 1926ஆம் ஆண்டு, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவர்களோடு சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. கிட்டப்பா 1906இல் பிறந்தவர். ஆடவர் எட்டுதற்கு அரிய உயர்ந்த சுருதியில் பாடும் ஆற்றல் வாய்ந்தவர். வள்ளி திருமணத்தில் அவர் வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் எதிரெதிர் நின்று பாடியதைக் கேட்க மக்கள் தொலைவூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். இருவரும் 1927இல் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். ஆதலின் அவ்வாழ்வு அமைதி நிறைந்ததாக இருக்கவில்லை. பிரிவும் வருத்தமும் கலந்தே இருந்தன. எனினும் மேடையில் அவ்விருவர்க்கும் நிகர் அந்நாளில் எவரும் இலர். இருவரும் கதராடை பூண்டு, நாட்டு விடுதலைப் பாடல்களையும் மேடையில் முழக்கினர்.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27. அம்மையாருக்கோ 25.

அம்மையாரின் முதற்புகழ் அந்நாளோடு முடிந்தது எனலாம். வேலன் இல்லாத மேடையில் வள்ளிக்கு இடம் ஏது? அவர் வெண்ணிற ஆடை உடுத்தார், நெற்றியில் திருநீறு துலங்கியது, அணிகளைத் துறந்தார். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அவ்வுறுதியை இறுதிவரை காத்தார்.

ஈண்டு ஒன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலச் சமுதாயம் கணவனை இழந்த மகளிரை எவ்வாறு நடத்தியது என்பது அன்பர்கள் அறிந்ததே. மங்கலம் இல்லாதவர் என்று ஒதுக்கியது. நல்ல காரியங்களில் எதிர்ப்படலாகாது என்று மறைந்திருக்கச் செய்தது. வெண்டுகிலை ஒரு தண்டனைபோல் உடுத்தியது. அது சைவ நெறி அன்று. நம் பெரிய புராணம் காட்டும் நெறி வேறு. திருவாமூரில் திலகவதியார் என்றொரு நங்கையார் இருந்தார். அவருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியார் மருணீக்கியாரின் பொருட்டு உயிர் தாங்கினார். அவர் இல்லத்தின் மூலையில் ஒடுங்கிவிட்டாரா? இல்லை. திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருவலகிட்டும் மெழுக்கிட்டும் மாலை தொடுத்தும் இறைவன் திருமுன்பே நாள்தோறும் நின்றார். பின்னர்த் தம்பியார் சூலை நோயோடு வந்து விழுந்தபோது திருநீறு அளித்து ஆட்கொள்ளச் செய்தவரும் அவரே. அத்தொண்டின் பயனாகவே நாவுக்கரசர் என்னும் பெருஞ்செல்வம் தமிழுக்குக் கிடைத்தது.

சுந்தராம்பாள் அம்மையாரை நாயன்மார் வரிசையில் வைப்பது இச்சொற்பொழிவின் கருத்தன்று. அவர் ஊதியம் பெற்றுப் பாடியவர், பேரம் அறிந்தவர், உலகில் வாழ்ந்தவர். ஆயினும், துயரத்தை மூலையில் வைத்து அழாது, அதனையே தொண்டுக்கு வாயிலாக்கிய திலகவதியார் நெறி இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலும் ஒருவரிடம் விளங்கியது என்று கூறுதல் பிழையாகாது. சமுதாயம் மூலையில் இருத்துவதற்காக வைத்திருந்த வெண்டுகிலை உடுத்துக்கொண்டே அவர் மேடையேறினார். ஊரார் எதிர்ப்பட அஞ்சிய கோலத்திலேயே திருவிழாப் பந்தல்களில் நின்று முருகன் புகழைப் பாடினார். கேட்டவர் கைகூப்பினர். மங்கலம் இன்னதென்று அவர் வாதிட்டதில்லை, பாடியே காட்டினார்.

1934 முதல் அவர் இசைக் கச்சேரிகளில் பாடலானார். தேசியப் பெருந்தலைவர் சத்தியமூர்த்தி அவர்களின் ஊக்கத்தால் காங்கிரஸ் மேடைகளிலும் அவர் குரல் ஒலித்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தல் காலத்தில் தலைவர்களின் பேச்சைக் கேட்க வந்தவர் பாதி, அம்மையாரின் பாட்டைக் கேட்க வந்தவர் பாதி என்று சொல்லுமளவுக்குக் கூட்டம் சேர்ந்தது. அண்ணல் காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்துக்கு எழுந்தருளியபோது, அம்மையார் பொற்றட்டில் உணவு படைத்தார் என்றும், உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்று அண்ணல் நகைத்துக் கேட்க, அத்தட்டையும் நாட்டுப் பணிக்கென அக்கணமே கொடுத்துவிட்டார் என்றும் கூறுவர். இரயில் வண்டியில் பாடிப் பெற்ற காசின் அருமை அறிந்த கை, பொன்னைக் கொடுக்கத் தயங்கவில்லை.

இக்காலத்தில்தான் திரைப்படத்துறை அவரை நாடியது. 'பக்த நந்தனார்' என்னும் படத்தில் நடிக்க அழைத்தனர். அம்மையாருக்கு விருப்பமில்லை, ஓர் இலட்சம் ரூபாய் கேட்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவர் என்று எண்ணி அத்தொகையைக் கேட்டார் என்பர். அவர்கள் இசைந்துவிட்டனர். அந்நாளில் இந்தியத் திரைப்பட நடிகர் எவரும் பெற்றிராத தொகை அது. படம் 1935இல் வெளிவந்தது. எம். எல். டாண்டன் இயக்கினார். நந்தனாராக அம்மையாரும், வேதியராக இசைவாணர் மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் தோன்றினர். ஆண் வேடமாதலின் அம்மையாரின் உறுதிக்கு ஊறு நேரவில்லை.

நந்தனார் வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. நிலவுடைமையாளராகிய வேதியர் என்னும் பாத்திரம் சேக்கிழார் பெருமான் காட்டாதது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் அமைத்துக்கொண்டது. சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார் ஆதனூரினர். கோயில் முழவங்களுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும் அளித்தவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு அளித்தவர். இறைவன் திருமுன் எழும் இசைக்கெல்லாம் மூலப்பொருள் கொடுத்த கை அவருடையது. ஆனால் அவ்விசையை அவர் வாயிலுக்குப் புறத்தே நின்றுதான் கேட்டார். திருப்புன்கூரில் நந்தி விலகியதும், தில்லையில் அவர் எரியிற் புகுந்து எழுந்ததும் அன்பர் அறிந்தவை. 1935இல் இப்படம் வந்தபோது தமிழகத்துப் பெருங்கோயில்களின் கதவு நந்தனார் குலத்தார்க்குத் திறக்கப்படவில்லை. திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936இல் வந்தது. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8ஆம் நாள். அதற்கு நான்காண்டு முன்னரே, ஒரு பெண், அதுவும் வெண்டுகில் உடுத்த பெண், நந்தனாராக நின்று தில்லைக்கு ஏங்கிப் பாடியதை ஊர்தோறும் மக்கள் கேட்டனர்.

படம் வெற்றி பெறவில்லை. எழுத்தாளர் கல்கி, அதில் மனிதரைவிட மரமும் விலங்குமே நன்றாக நடித்தன என்னும் பொருள்பட நகையாடி எழுதினார். பெருந்தொகை பெற்ற முதற்படம் நகைப்புக்கு இடமானால் எவர்க்கும் மனம் தளரும். அம்மையார் மறுமொழி கூறப் புகுந்தாரல்லர். கச்சேரி மேடைக்குத் திரும்பிப் பாடிக்கொண்டிருந்தார். அடுத்த படமாகிய 'மணிமேகலை' 1940இல் வந்தது. அரசகுமாரனின் காதலை விலக்கி, அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்த துறவியின் வேடம் அது. பசிக்குப் பாடிய குழந்தை பசி தீர்க்கும் பாத்திரம் ஏந்தி நின்றது காண்க.

அதன்பின் 13 ஆண்டுகள் திரையில் அவரைக் காணவில்லை. திரைப்பட உலகில் 13 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. முன்னிருந்தவர் மறக்கப்படுவர், புதியவர் வந்துவிடுவர். அம்மையாரோ அந்த ஆண்டுகளில் கச்சேரி மேடையை விட்டிலர். குரல் அறைக்குள் மூடிவைத்தால் துருப்பிடிக்கும்; நாள்தோறும் புழங்கினால் பளபளக்கும் என்பதற்கு அவ்வாண்டுகள் சான்று. இடையே 1951இல் அந்நாளைய சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் அவர் அமர்ந்தார். திரைத்துறையிலிருந்து இந்தியாவில் சட்டமியற்றும் அவைக்குச் சென்றோருள் முதல்வர் அவரே என்பர்.

1953இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். அப்போது அம்மையாருக்கு 44 வயது. இப்படத்தின் வெற்றி பெரிது. தமிழ் வரலாற்றில் ஔவையார் என்னும் பெயருடையார் ஒருவர் அல்லர் என்பது அறிஞர் கண்ட உண்மை. அதியமானின் நண்பராய்ச் சங்கச் செய்யுள் பாடியவர் வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அருளிய பிற்காலத்தவர் வேறு. மக்கள் மனத்திலோ அவரெல்லாம் ஒரே பாட்டி. கன்னிப்பருவத்தே மணப்பேச்சு எழுந்தபோது விநாயகப் பெருமானை வேண்டி, இளமையை நீக்கி முதுமையை வரமாகப் பெற்றார் என்பது வழிவழிக் கதை. அவ்வேடத்தை வேறொருவர் ஏற்றிருந்தால் முதுமை ஒப்பனையாக இருந்திருக்கும். 25 வயதில் தாமே இளமையைக் கழற்றி வைத்தவர் அவ்வேடம் பூண்டபோது ஒப்பனைக்கு அதிக வேலை இருக்கவில்லை. அன்றுமுதல் தமிழகத்துச் சிறார், ஔவைப் பாட்டி என்றால் நீறணிந்து கோலூன்றிய அந்த உருவத்தையே மனத்தில் எண்ணினர்.

நடிகைக்கு வயது ஏறினால் வாய்ப்புக் குறையும் என்பது உலகியல். அம்மையார் திறத்தில் இது மாறி நிகழ்ந்தது. காதலியாக நடிப்பதில்லை என்னும் உறுதி ஒரு கதவை அடைத்தது மெய்யே. ஆனால் வயது சென்றாலும் மூடாத மற்றொரு கதவை அதுவே திறந்துவிட்டது. துறவியரும், தாயரும், அருள்பெற்ற மூதாட்டியரும் அவ்வழியே ஒருவர்பின் ஒருவராக அவரைத் தேடி வந்தனர்.

1964இல் 'பூம்புகார்' வந்தது. மு. கருணாநிதி கதை உரையாடல் எழுதிய அப்படத்தில் அம்மையார் கவுந்தியடிகளாகத் தோன்றினார். கவுந்தியடிகள் சமணத் துறவியார். கோவலனையும் கண்ணகியையும் புகாரிலிருந்து மதுரைவரை அழைத்துச் சென்று, அவர்க்கு நேர்ந்த கேட்டினை அறிந்தபின் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தவர். பிற சமயத் துறவியாராயினும் அறத்தின் வடிவாக நின்றவரை அம்மையார் மனமொப்பி ஏற்றார். ஆயினும் ஒரு செய்தி வழங்குகிறது. அப்படத்துப் பாட்டொன்றில் தெய்வம் எங்கே போயிற்று என ஐயுறும் பொருள்பட ஒரு தொடர் இருந்ததாம். அதனைத் தம் வாயால் பாட அம்மையார் இசையவில்லை; தெய்வம் வந்துவிட்டது எனப் பொருள் படுமாறு அத்தொடர் மாற்றப்பட்டபின்னரே பாடினார் என்பர். எழுதியவர் கடவுட் கொள்கையில் மாறுபட்டவர். பாடியவரோ நீறு மறவாதவர். ஒருவர் சொல்லை விட்டுக்கொடுத்தார். ஒருவர் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. இருவர்க்கும் பெருமையே. கொடுமுடிப் பதிகம் நாவைப் பற்றியது என்று முன்னர்க் கூறப்பட்டது. அவ்வூரில் பிறந்தவர் தம் நாவைக் காத்தது பொருத்தமேயன்றோ?

அடுத்த ஆண்டு, 1965இல், ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' வந்தது. மாங்கனிக்காகச் சினந்து ஆவினன்குடிக்கு வந்த முருகப்பெருமானை ஔவையார் பாடித் தேற்றும் பகுதியில் அம்மையார் தோன்றினார். இக்கதை பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களுள் ஒன்றன்று. பழனித் தலவரலாற்றைச் சார்ந்தது. திரையில் அவர் தோன்றும் நேரம் சிறிது. ஆயினும் படம் பார்த்து வந்தவர் நெஞ்சில் நின்றவற்றுள் அக்குரல் முதன்மையானது. 56 வயதில் உச்சத் தாயியில் எழுந்த குரலில் நடுக்கம் இல்லை; சொல்லில் மழுக்கம் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத பந்தல்களில் விடிய விடியப் பாடிய பயிற்சி அன்று கைகொடுத்தது. ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகையிலும் தைப்பூசத்திலும் முருகன் கோயில்களில் அக்குரல் ஒலித்தட்டின் வழியே எழுந்து, பலரை விடியற்காலையில் துயில் எழுப்பியது.

சிறப்புகள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. 1966இல் தமிழ் இசைச் சங்கம் 'இசைப் பேரறிஞர்' பட்டம் வழங்கியது. 1967இல் 'கந்தன் கருணை'யில் மீண்டும் ஔவையானார். 1969இல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகியர்க்குரிய தேசிய விருது அவரை அடைந்தது. அப்போது அவர் 60 வயதைக் கடந்தவர். 1970இல் இந்திய அரசு பத்மஶ்ரீ விருதளித்தது. இளமையில் கூட்டம் கொண்டாடியது. முதுமையில் நாடு கொண்டாடியது. இரண்டுக்கும் இடையே இருந்த நெடுங்காலத்தில் எவர் கொண்டாடினும் கொண்டாடாவிடினும் அவர் பாடிக்கொண்டிருந்தார் என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது.

1973இல் 'காரைக்கால் அம்மையார்' வந்தது. பேயுருக் கொண்ட அம்மையாராக அவர் நடித்தார். இதுவும் ஏ. பி. நாகராஜன் இயக்கிய படமே. காரைக்காலில் பிறந்த புனிதவதியார், இறைவன் அருளால் மாங்கனி வரவழைத்தார். அது கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் அவரைப் பிரிந்து, வேற்றூரில் வேறு மணம் புரிந்து, பிறந்த மகளுக்கு அவர் பெயரையே இட்டான். பின்னர் மனைவியென்று கருதாது தெய்வமென்று அவர் அடியில் வீழ்ந்தான். கணவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதி இனி எதற்கு என்று அதனை உதறி, பேய்வடிவு வேண்டிப் பெற்றார் புனிதவதியார். உலகம் கண்டு ஓடிய அவ்வடிவோடு கயிலைக்குத் தலையால் நடந்தார். பெற்றோர் இல்லாத பெருமான் அவரை அம்மையே என்று அழைத்தான். அற்புதத் திருவந்தாதியும், திருவிரட்டை மணிமாலையும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும் அவர் தமிழுக்கு அளித்த செல்வம். ஓர் உருவை இழந்தபின்னரே அவர்க்கு அப்பெரும்பெயர் வாய்த்தது.

65 வயதை ஒட்டிய சுந்தராம்பாள் அம்மையார் அக்கோலத்தில் நின்றபோது, 40 ஆண்டுகளுக்கு முன் தாம் துறந்த வள்ளிக் கோலத்தை எண்ணியிருப்பாரோ, இல்லையோ, அறியோம். கேட்டவர்க்கு ஒன்று விளங்கியது. வள்ளியாக நின்று வேலனை மயக்கிய குரலும், நந்தனாராக நின்று தில்லைக்கு ஏங்கிய குரலும், ஔவையாக நின்று முருகனைத் தேற்றிய குரலும், அம்மையாக நின்று ஆலங்காட்டு ஆடலைக் கண்ட குரலும் ஒன்றே. உருவங்கள் கழன்றன, பாட்டு கழலவில்லை.

1980ஆம் ஆண்டு அம்மையார் இறைவன் திருவடி எய்தினார். கொடுமுடியில் பிறந்து, வாழ்வு எங்கெங்குக் கொண்டுசென்றபோதும் கொடுமுடியை மறவாதவர். அவ்வூரில் ஒரு திரையரங்கும் கட்டியவர். அவர் பெயருக்கு முன் ஊர்ப்பெயர் என்றும் நின்றது போலவே, அவ்வூரைச் சொல்லும்போது அவர் பெயரும் இன்று உடன் வருகிறது.

அன்பர்களே! இத்திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் வழங்கிய புண்ணியவான்கள் பலர் இங்குக் குழுமியிருக்கின்றனர். கோபுரம் எழுந்தது; கலசம் ஒளிர்கிறது; கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவையெல்லாம் விழா நாளின் பெருமை. நாளை முதல் இக்கோயிலுக்கு வேண்டுவது விளக்குக்கு எண்ணெய், திருமேனிக்கு மலர், அந்தியில் பதிகம் பாட ஓர் ஓதுவார், அவர் குடும்பம் பசியாதிருக்க ஒரு சிறு நிவந்தம். இவற்றில் எதுவும் கல்வெட்டில் பெரிய எழுத்தில் வருவதில்லை. பல கோயில்களில் நன்னீராட்டு சிறப்பாக நிகழ்ந்தும், சில ஆண்டுகளில் பதிகம் பாட ஒருவரும் இன்றிச் சந்நிதி ஊமையாகிவிடுவதை அன்பர்கள் கண்டிருப்பர். இத்திருக்கோயிலுக்கு அந்நிலை நேராதிருத்தல் வேண்டும்.

சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்வு கற்பிக்கும் பாடம் இதுவே. முதற்புகழ் அருளால் வருவது. அதனைப் பெறுதற்குப் பெரிய தகுதி வேண்டுவதில்லை. அது நீங்கியபின்னும், இழப்பு நேர்ந்தபின்னும், நகைப்புக்கு உள்ளானபின்னும், தனக்கு வாய்த்த ஒன்றை நாள்தோறும் இறைவன் முன் வைத்துக்கொண்டே இருத்தல்தான் அரியது. அவர்க்கு வாய்த்தது குரல். அன்பர்க்கு வாய்த்தது பொருளாகலாம்; உடலுழைப்பாகலாம்; ஒரு பிடி பூவாகலாம். விழா முடிந்த மறுநாள் காலையில் அதனை ஏந்திக்கொண்டு இவ்வாயிலில் வந்து நிற்பவர் எவரோ, அவரே இந்நன்னீராட்டை நிறைவு செய்பவராவர்.

பண்மொழியம்மை உடனாய கொடுமுடிநாதன் திருவருள் அனைவர்க்கும் முன்னிற்பதாகுக.

திருச்சிற்றம்பலம்